பாசிபிள் வரை அனுமதி

எங்கள் சலவை நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பாய்லர் வெடித்ததற்கு ஆங்கிலம்தான் காரணம் என்று விசாரணைக் குழு கண்டுபிடித்தது. பம்ப்தான் காரணம் என்று எங்களைப் போன்ற விவரம் தெரியாதவர்கள் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம். குழு எட்டு மாதம் உட்கார்ந்து முந்நூறு பக்கம் எழுதியது. அதில் பம்ப் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. நிலையத்தின் தளவாடப் பட்டியலில், வாளிகளுக்கும் நாற்காலிகளுக்கும் நடுவில்.

ஒன்றாம் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் மச்சான். என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். பம்ப் அடிக்கடி நின்றுவிடுகிறது, ஒருநாள் தண்ணீர் வற்றி பாய்லர் வெடிக்கும் என்று அவர் நான்கு நாள் முன்னதாகவே குறிப்பேட்டில் எழுதிவைத்தார். குறிப்பேட்டில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது விதி. அவர் படித்தது எட்டாவது. தெரிந்த ஆங்கிலத்தில், 'பாய்லர் இஸ் பாசிபிள் டு பர்ஸ்ட்' என்று எழுதினார். எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரிந்திருக்கும். பாய்லருக்கும் புரிந்திருக்கிறது.

குழுவில் இருந்த மொழி வல்லுநருக்கு மட்டும் புரியவில்லை. "ஆங்கிலத்தில் ஒரு பாய்லர் 'பாசிபிள்' ஆக இருந்துகொண்டு வெடிக்க முடியாது" என்று அவர் சாட்சியம் சொன்னார். "'இட் இஸ் பாசிபிள் தட்' என்று ஆரம்பித்திருக்க வேண்டும். அல்லது 'லைக்லி' போட்டிருக்க வேண்டும். இப்படி ஒரு வாக்கியமே அந்த மொழியில் கிடையாது. இல்லாத வாக்கியத்தால் எச்சரிக்கை கொடுத்ததாக எடுத்துக்கொள்ள இயலாது." எச்சரிக்கையே கொடுக்கப்படவில்லை என்றால் அதை யாரும் அலட்சியம் செய்யவும் இல்லை. எல்லா அதிகாரிகளும் விடுவிக்கப்பட்டார்கள். செத்துப்போன மச்சான் ஒருவர்தான் மாட்டிக்கொண்டார்.

தீர்ப்பைக் கேட்டுவிட்டு வந்த அன்று என் மனைவி சோற்றில் கை வைக்கவில்லை. "எங்க அண்ணன பாய்லர் கொல்லலையாம். எழுத்துப்பிழை கொன்னுடுச்சாம்" என்றாள். அவளும் அங்கேதான் இஸ்திரிக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒன்றாம் நம்பர் தள்ளித் தனிக் கொட்டகையில் இருந்தது. நான் பார்க்கும் இரண்டாம் நம்பர் அறைக்கும் கூடத்துக்கும் இடையில் ஒரே ஒரு சுவர்.

பாய்லர் பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. ஓர் இரும்பு உருளை. அடியில் கரி எரியும், உள்ளே தண்ணீர் கொதிக்கும், ஆவி குழாய் வழியாகப் போய் ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கும், இஸ்திரி போடும். உருளையின் முகத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அதில் தெரியும். பாய்லர்காரன் பார்க்க வேண்டியது அதைத்தான். கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லை என்றால் உள்ளே இரும்பு காய்ந்து பழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது தீயை வாரி வெளியே போட்டுவிட்டு ஆறவிட வேண்டும். பதறிப்போய்த் தண்ணீர் விட்டால் தீர்ந்தது. பழுத்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் கட்டடம் இருக்காது. மச்சான் தீயை வாரிக்கொண்டிருந்தபோது, அதுவரை நின்றிருந்த பம்ப் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது.

அந்தப் பம்ப்புக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அதைக் கழற்றி, துடைத்து, நான் பார்த்துக்கொள்ளும் இரண்டாம் நம்பரில் மாட்டினார்கள். அதன்மேல் குற்றமில்லை என்றுதான் முடிவாகிவிட்டதே.

குழு பரிந்துரைத்தபடி நிலையத்தில் மொழித் தரப் பிரிவு ஒன்று ஏற்பட்டது. அதற்கு மொழி அதிகாரி என்று ஒருவர் வந்தார். குள்ளமானவர், சுத்தமானவர், யாரையும் அதட்டாதவர். அவருக்கு மூட்டுவலி. கதகதப்பான அறையாக வேண்டும் என்று கேட்டார். பாய்லர் அறைக்கு நேர் மேலே, ஒரு காலத்தில் ஈரத்துணி உலர்த்திய மாடி அறையைக் கொடுத்தார்கள். தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதங்களை நன்றாகப் பதித்துக்கொண்டுதான் அவர் வேலை பார்ப்பார்.

சுவரில் ஓர் ஏணி வரைந்து மாட்டினார். கீழ்ப்படியில் 'இம்பாசிபிள்', அதற்கு மேல் 'அன்லைக்லி', பிறகு 'பாசிபிள்', 'லைக்லி', 'ப்ராபபிள்'. உச்சியில் 'சர்ட்டன்'. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ரப்பர் முத்திரை செய்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். நாங்கள் எழுதும் குறிப்பில் அடைமொழி வரவேண்டிய இடத்தைக் காலியாக விட வேண்டும். அவர் ஆராய்ந்து முத்திரை வைப்பார்.

திறப்பு விழாவில் இயக்குநர் பேசினார். "நமது நிலையத்தில் ஆபத்துகள் இருந்ததில்லை, ஆபத்தான வாக்கியங்கள்தான் இருந்திருக்கின்றன. இன்றுமுதல் ஒவ்வொரு ஊழியரும் தம் தகுதிக்கேற்ற அடைமொழியைப் பயன்படுத்துவார். கடைநிலை ஊழியருக்கு 'பாசிபிள்' வரை அனுமதி. 'லைக்லி' மேற்பார்வையாளருக்கு. 'ப்ராபபிள்' பொறியாளருக்கு. 'சர்ட்டன்' என்ற சொல்லின் சுமையை நான் ஒருவனே தாங்கிக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறேன்."

நாங்கள் கைதட்டினோம். பின்வரிசையில் இருந்த சோப்புக் கிடங்குக்காரர் எழுந்து, "சார், அன்லைக்லி?" என்று கேட்டார்.

"அதை எல்லாரும் தாராளமாக உபயோகிக்கலாம்" என்றார் இயக்குநர்.

வாரம் இரண்டு வகுப்பு. இஸ்திரிக் கூடத்துப் பெண்களுக்கும் உண்டு. மூன்று மாதத்தில் நிலையத்தில் ஒருவரும் ஒன்றையும் நேராகச் சொல்லுவதில்லை என்று ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து, ஆபரேஷனுக்கு விரிப்பு தயாரா என்று கேட்டால், தயாராக இருப்பது லைக்லி என்று மேற்பார்வையாளர் சொல்லுவார். அந்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். உள்ளே போய்ப் பார்த்துச் சொல்லலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. பார்த்துவிட்டுச் சொன்னால் அது 'சர்ட்டன்' ஆகிவிடும், அதற்கு அதிகாரம் கிடையாது.

பம்ப் தினமும் இரண்டு மூன்று தடவை நின்றது. கையால் ஒரு தட்டுத் தட்டினால் ஓடும். சில நேரம் தட்டினாலும் ஓடாது, பிறகு தானாக ஓடும். நான் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுப்பதே இல்லை. வீட்டில் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்தால்கூட மட்டம் எவ்வளவு என்று குனிந்து பார்க்கும் வியாதி வந்துவிட்டது.

"எழுதிக் குடுங்க" என்றாள் மனைவி.

"உங்கண்ணன் எழுதினாரே."

"அது தப்பா எழுதினது. நீங்க சரியா எழுதுங்க. அவங்க எப்படிக் கேக்கறாங்களோ அப்படியே எழுதிக் குடுங்க. அப்புறம் என்ன சொல்றாங்கன்னு நானும் பாக்கறேன்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வகுப்பில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கரி அள்ளுகிற கையால் ஏணிப்படத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். 'பாசிபிள்', 'ப்ராபபிள்' இரண்டுக்கும் முன்னால் 'இட் இஸ்' வர வேண்டும். 'லைக்லி'க்கு முன்னால் ஆளோ பொருளோ எது வேண்டுமானாலும் நிற்கலாம் என்று தூக்கத்தில்கூட ஒப்பித்தேனாம்.

பிறகு குறிப்பு எழுதினேன். பம்ப் நிற்பதாகவும், 'இட் இஸ்' போட்டு, இடம் விட்டு, 'தட் த பாய்லர் வில் பர்ஸ்ட்' என்றும். மொழி அதிகாரி படித்தார். எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மூணு மாசத்துல! ஒரு பாய்லர்காரர்!" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். காலி இடத்தில் 'பாசிபிள்' முத்திரையை ஓங்கி வைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு வகுப்பறைச் சுவரில் மாட்டச் சொன்னார்.

பதினைந்து நாள் காத்திருந்துவிட்டு மாடிக்குப் போனேன். "சார், பம்ப் எப்ப வரும்?"

"எந்தப் பம்ப்?"

"நான் எழுதினேனே சார். சட்டம் போட்டு மாட்டியிருக்கீங்களே."

அவர் என்னை உட்காரச் சொன்னார். பாவம், பொறுமைசாலி. "இங்க பாருங்க. பாசிபிள்னா என்ன? நடக்கவும் செய்யலாம், நடக்காமலும் போகலாம். அப்படிப் பாத்தா இந்த உலகத்துல எல்லாமே பாசிபிள்தான். நாளைக்கு நானே இயக்குநர் ஆகறதுகூடப் பாசிபிள்தான். அதுக்காக இன்னைக்கே எனக்குப் பெரிய நாற்காலி வாங்குவாங்களா? பம்ப் வேணும்னா குறைஞ்சது லைக்லியாவது இருக்கணும்."

"அப்ப லைக்லின்னு போட்டுக்குடுங்க சார்."

"உங்களுக்குப் பாசிபிள் வரைக்கும்தானே அனுமதி?"

மேற்பார்வையாளரிடம் போனேன். அவர் நல்லவர். எனக்காக 'லைக்லி' கேட்டுக் கையெழுத்துப் போட்டார். அதற்கு ஓர் இணைப்புப் படிவம் உண்டு. இதற்குமுன் இந்த நிகழ்வு எத்தனை முறை நடந்திருக்கிறது என்று அதில் ஒரு கேள்வி.

"இரண்டாம் நம்பர் பாய்லர் இதுவரைக்கும் எத்தனை தடவ வெடிச்சிருக்கு?" என்று மொழி அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"வெடிக்கல சார்."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவ வெடிச்சிருந்தா நான் இங்க வந்து நிக்க மாட்டேனே சார்."

"அப்புறம் எதை வெச்சு லைக்லிங்கறீங்க?"

"ஒண்ணாம் நம்பர் வெடிச்சதே. அதே பம்ப்தான் சார் இதுல ஓடுது."

அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "அது மொழிக்குறையினால வெடிச்சது. அதை இந்தக் கணக்குல சேக்கக் கூடாது." படிவத்தில் பூஜ்யம் போட்டார். ஆனாலும் என்மேல் இருந்த பிரியத்தால் விஷயத்தைத் தள்ளுபடி செய்யாமல் அடைமொழிக் குழுவுக்கு அனுப்பிவைத்தார்.

குழு கூடிய நாளில் நல்ல மழை. மாடி அறையில் இயக்குநர், பொறியாளர், மொழி அதிகாரி மூவரும் உட்கார்ந்தார்கள். விளக்கம் கேட்டால் சொல்ல நான் சுவரோரம் நின்றேன். பாய்லரைப் பார்த்துக்கொள்ளக் கரி தள்ளுகிற ஆளை விட்டுவிட்டு வந்திருந்தேன். காலுக்குக் கீழே பம்ப்பின் சத்தம் தரை வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அது கேட்கிறவரைக்கும் எனக்கு உயிர் இருந்தது.

"லைக்லி என்றால் நாளைக்கே பத்திரிகையில் வரும்" என்றார் இயக்குநர். "ஏன் வெடிக்கப்போகிறது என்று கேட்பார்கள். ஏன் வெடிக்கவில்லை என்று யாராவது கேட்பார்களா?"

"ப்ராபபிள் போடலாமா?" என்றார் பொறியாளர்.

"ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான்" என்றார் மொழி அதிகாரி. "ஆனா ப்ராபபிள்ல ஒரு படிப்பு வாசனை இருக்கு. பயம் கம்மியா தெரியும்."

இப்படியே டீ வந்தது, பிஸ்கட் வந்தது. கடைசியில் பொறியாளர் 'நாட் அன்லைக்லி' என்று ஒன்றைச் சொன்னார். இயக்குநர் அதை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அருமை. படிக்கிறவன் மனதில் கடைசி வார்த்தைதான் நிற்கும்."

அப்போதுதான் காலுக்குக் கீழே சத்தம் நின்றது.

நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மொழி அதிகாரி மேசைக்கடியில் கால்விரல்களை நீட்டி மடக்கி, "இன்னைக்கு அறை ரொம்ப இதமா இருக்கு" என்றார். நான் உத்தரவு கேட்காமல் படியிறங்கி ஓடினேன்.

கரி தள்ளுகிறவர் பம்ப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இல்லை. வெறும் கண்ணாடி. என் மச்சான் கடைசியாகப் பார்த்ததும் இதைத்தான். முதலில் பம்ப்பின் சுவிட்சை அணைத்தேன். பிறகு இருவருமாகத் தீயை வாரி வெளியே கொட்டினோம். கையில் தோல் போனது எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேசிச் சிரிப்பது கேட்டுக்கொண்டே இருந்தது. அதில் என் மனைவியின் குரலும் இருந்தது.

பாய்லர் ஆற ஒரு நாள் ஆயிற்று. நாலாயிரம் விரிப்புகள் ஈரமாகக் கிடந்தன. மறுநாள் என்னை மாடிக்குக் கூப்பிட்டார்கள். என்னிடம் கொடுத்த தாளில் தமிழிலேயே எழுதியிருந்தது, எனக்குத் தெளிவாகப் புரிய வேண்டுமென்று. வெடிப்பது நாட் அன்லைக்லி என்று குழு முறைப்படி தீர்மானித்திருந்த ஒரு பாய்லரை, தாங்கள் தன்னிச்சையாகத் தீயை அகற்றி வெடிக்காமல் செய்து, மேற்படி தீர்மானத்தைப் பொய்யாக்கியதால் பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்.

"சார், வெடிக்க விட்டிருந்தா?" என்றேன்.

இயக்குநர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "விட்டிருந்தால் வாக்கியம் சரியாக இருந்திருக்கும். உங்கள் குடும்பத்துக்குப் பாராட்டுக் கடிதமே அனுப்பியிருப்போம்."

மொழி அதிகாரி மட்டும் வாசல்வரை கூட வந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "எவ்வளவு நல்ல மாணவர் நீங்க! உங்க வாக்கியத்த நீங்களே கெடுத்துக்கிட்டீங்களே" என்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தபோது வரவில்லை. உண்மையிலேயே எனக்காகத்தான் அழுதார்.

என் இடத்துக்கு டுடோரியல் வாத்தியார் ஒருவர் வந்தார். ஐம்பதை நெருங்கிய ஆங்கில ஆசிரியர். அவர் வேலை பார்த்த டுடோரியலை மூடிவிட்டார்கள். பாய்லரை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் அடைமொழித் தேர்வில் நூற்றுக்கு நூறு. அவர் வந்த பிறகு குறிப்பேட்டில் ஒரு பிழை கிடையாது என்று என் மனைவி வந்து சொன்னாள்.

"நீ வேலைய விட்டுடு" என்றேன்.

"நான் மட்டும் வெளிய வந்தா ஆச்சா? உள்ள இன்னும் நாப்பது பேர் இருக்காங்க. அவங்க வீட்டுல யாரும் இதுல சாகல. அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள். பிறகு, "நாங்க சும்மா இருக்கும்போது அந்தச் சுவத்துலதாங்க சாஞ்சு உக்காருவோம். சூடா, முதுகுக்கு சுகமா இருக்கும்" என்றாள். இதை அவள் ஏன் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போகும்போதெல்லாம் நானும் போய், நிலையத்துக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தில் உட்கார ஆரம்பித்தேன். எந்தப் பேருந்திலும் ஏறாமல் நான் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, நடத்துநர்கள் எனக்கு மூளை பிசகிவிட்டது என்று முடிவு செய்தார்கள்.

ஒரு நாள் காலை வானம் மூடிக்கொண்டு இருட்டாக இருந்தது. பத்து மணி வாக்கில் தெருவில் மின்சாரம் போனது. கடைகளில் விளக்குகள் அணைந்தன. புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. அரை மணி கழித்து டுடோரியல் வாத்தியார் தெருவைத் தாண்டி என்னிடம் வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஐயா, நீங்கதானே முன்னாடி இருந்தவர்? உங்ககிட்ட பேசக் கூடாதுன்னு உத்தரவு. ஆனா ஒரு சந்தேகம்" என்றார்.

"சொல்லுங்க."

"அந்தக் கண்ணாடிக் குழாய்ல தண்ணி தெரியலன்னா, அதுக்குப் பாசிபிள் போதுமா, இல்ல லைக்லிக்கு விண்ணப்பிக்கணுமா?"

எழுந்து நின்றேன். "எவ்வளவு நேரமா தெரியல?"

"கரண்ட் போனதும் பம்ப் நின்னுடுச்சு. கொஞ்ச நேரத்துல தண்ணி கீழ போயிடுச்சு. கால் மணி இருக்கும்."

"தீய வாரிட்டீங்களா?"

"அதெப்படி? உங்களுக்கு அதுக்குத்தானே வேலை போச்சு?" அவர் குரலில் கள்ளமே இல்லை. "நான் விதிப்படிதான் செஞ்சேன். குறிப்பு எழுதினேன். கரி தள்ளுறவரையும் வெளிய அனுப்பிட்டு அறையப் பூட்டினேன். சாவியக் குறிப்போட சேத்து மொழி அதிகாரிகிட்ட குடுத்துட்டேன். பம்ப் சுவிட்ச போட்டே வெச்சிருக்கேன். கரண்ட் வந்த உடனே தானா தண்ணி ஏறிடும்."

சொல்லிவிட்டு, சரியாகச் செய்த மாணவனின் முகத்தோடு என்னைப் பார்த்தார்.

நான் ஓடினேன். வாசலில் காவலாளி, "பாஸ் எங்க?" என்று கையை நீட்டினார். அவர் கையைத் தட்டிவிட்டு, "வாத்தியாரே, மேல போகாதீங்க, கீழயிருந்தே சாவியப் போடச் சொல்லுங்க" என்று கத்திவிட்டு இஸ்திரிக் கூடத்துக்குள் பாய்ந்தேன். மின்சாரம் இல்லாததால் இயந்திரங்கள் நின்றிருந்தன. நாற்பத்தோரு பெண்களும் சுவரோரம் சாய்ந்து வரிசையாக உட்கார்ந்து விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். முதுகுக்குச் சுகமாக.

ஏணிப்படத்தில் கற்ற வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்தினேன்.

என் மனைவி ஏன், என்ன என்று கேட்கவில்லை. எழுந்தாள், பக்கத்தில் இருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்தாள், எழாதவளை ஓர் அறை விட்டாள். "எந்திரிங்கடி! அப்புறமா கேளுங்க!" எல்லாரையும் தள்ளிவிட்டுக் கடைசியாக வந்தாள்.

வெளியே மாடி ஜன்னலுக்குக் கீழே வாத்தியார் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மொழி அதிகாரி ஜன்னலருகே வெளிச்சத்துக்காகக் குறிப்பை வெளிப்பக்கம் நீட்டிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். மற்றொரு கையில் சாவி.

"சார், சாவியக் கீழ போடுங்க! நீங்களும் இறங்கி வந்துடுங்க!" என்று நானும் கத்தினேன். "கரண்ட் வந்தா வெடிச்சுடும்!"

அவர் குனிந்து பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் சிரித்தார். "நீங்களா? 'வெடிச்சுடும்'னா எந்தப் படி? சர்ட்டன் மாதிரி இருக்கே. அது உங்களுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது."

"சார், சாவி!"

"தரேன், தரேன். குறிப்பு ரொம்ப அழகா வந்திருக்கு. அடைமொழி மட்டும் முடிவு பண்ணி முத்திரை வெச்சுட்டா சாவிய எடுத்துட்டு நானே வரேன். இருட்டுல முத்திரை எதுன்னு தெரியல."

பெண்கள் தெருவைத் தாண்டியிருந்தார்கள். நான் வாத்தியாரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலை நோக்கி ஓடினேன். வாசலைக் கடக்கும்போது திரும்பிப் பார்த்தேன். மாடி அறையில் விளக்கு எரிந்தது. மின்விசிறி மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. மொழி அதிகாரி மேலே விளக்கைப் பார்த்து, நல்லதாயிற்று என்பதுபோலத் தலையாட்டிவிட்டு இழுப்பறையைத் திறக்கத் திரும்பினார்.

செத்தவர் அவர் ஒருவர்தான். கெட்டவர் என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. இழுப்பறை எதிர்ச்சாரியில், நான் தினமும் உட்கார்ந்த பெஞ்சின்மேல் வந்து விழுந்திருந்தது. உள்ளே ஐந்து முத்திரைகள் இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்திருக்கிறார்.

இந்த முறை விசாரணைக் குழு சீக்கிரமே முடித்துவிட்டது. குறிப்பின் நகலை வாத்தியார் வைத்திருந்தார். அதில் ஒரு பிழையும் இல்லை என்று மொழி வல்லுநர் சான்றளித்தார். சென்ற விபத்துக்கு மொழிக்குறை காரணம். இந்த விபத்தில் மொழிக்குறை இல்லை. ஆகவே இதற்குக் காரணம் எதுவும் இல்லை என்று குழு ஒருமனதாக எழுதியது.

ஒரே ஒரு குறையைத்தான் சுட்டிக்காட்டினார்கள். நாற்பத்தோரு பெண்கள் அனுமதியில்லாமல் வேலையிடத்தை விட்டு வெளியேறியிருக்கிறார்கள். ஆளுக்கொரு படிவம் வந்தது. தாங்கள் வெளியேறிய நேரத்தில் வெடிப்பு என்பது பாசிபிள், லைக்லி, ப்ராபபிள் இவற்றில் எது என்று குறிப்பிடவும். என் மனைவி எதையும் குறிக்காமல் அடியில் தமிழில் எழுதினாள்: 'என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. வந்துவிட்டேன்.' வாக்கியத்தில் அடைமொழி இல்லை என்று படிவம் திரும்பி வந்தது.

திரும்பி வந்த படிவத்தோடு இன்னொரு தாளும் இருந்தது. கூடத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள், திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டும். மூன்றாம் நம்பர் பாய்லர் வந்து இறங்கிவிட்டது. பம்ப் பழையதுதான். இடிபாட்டுக்குள்ளிருந்து முழுசாக எடுத்திருக்கிறார்கள்.

அவள் படிவத்தை மடியில் வைத்து நீவினாள். "எங்கண்ணன் எழுதினது தப்பு. நீங்க எழுதினது சரி. வாத்தியார் எழுதினது ரொம்ப ரொம்பச் சரி" என்றாள். "நான் இப்ப என்னங்க எழுதறது?"

"ஒண்ணும் எழுதாத" என்றேன். "கதவுப் பக்கமா உக்காரு."